பிறர் பொருளும் தம் பொருளும்: ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்த வரலாறு



வாணிகத்தைப் பற்றித் திருவள்ளுவனார் அருளிய குறள் பொருட்பாலில் வைக்கப்படவில்லை. அஃது அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் நிற்கின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்தலே வாணிகர்க்கு நல்வாணிகம் என்பது அதன் கருத்து. பிறர் பொருளைத் தம் பொருள்போற் காத்தல் ஒன்று. தம் பொருளென்றே எண்ணிச் செலவிடுதல் மற்றொன்று. இவ்வேற்றுமையை மறந்தமையால் சென்னை மாகாணம் முழுதும் கலங்கியதொரு வரலாறு உண்டு. அதனை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆங்கிலேயர் நடத்திவந்த பெருங் கம்பெனிகளுள் ஆர்பத்நாட் கம்பெனியும் ஒன்று. வணிகத்தோடு பாங்கித் தொழிலும் அது செய்துவந்தது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும், வக்கீல்களும், கணவனை இழந்த மகளிரும் தம் வாழ்நாட் சேமிப்பை அங்கே வட்டிக்கு இட்டிருந்தனர். கணக்கைக் கண்டு இட்டவர் சிலரே. பெயரைக் கண்டு இட்டவரே பலர். கம்பெனியின் தலைவரான ஜார்ஜ் ஆர்பத்நாட் ‘சர்’ பட்டம் பெற்றவர். நகரப் பெருமக்களுள் முன்னிற்பவர். அத்தகையாரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்றே மக்கள் கருதியிருந்தனர் போலும்.

லண்டனில் இக்கம்பெனியோடு பிணைந்திருந்த நிலையத்தை நடத்தியவர் மக்பாதியன் என்பவர். துணிகர முதலீடுகளில் அந்நிலையம் பெருநஷ்டம் அடைந்தது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அவர் ரயிலின்முன் வீழ்ந்து உயிர் நீத்தார். இடையில் ஒரு ஞாயிறு கழிந்தது. 22ஆம் நாள் திங்கட்கிழமை சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் கைப்பொருள் இழந்தன. பின்னர் நடந்த வழக்கில் ஆர்பத்நாட் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

நிற்க. வாணிகத்தில் நஷ்டம் வருதல் இயல்பு. மழை பொய்க்கும், விலை இறங்கும், கப்பல் கவிழும். நஷ்டம் அடைந்தவனை உலகம் பழிக்காது. ஆனால் தன் கடன் தன் முதலை விஞ்சிவிட்டது என்று உள்ளத்தால் அறிந்த பின்னரும், முகத்தில் அதனைக் காட்டாது, இன்னொருவன் கொண்டுவரும் பணத்தைக் கைநீட்டி வாங்குகின்றானே, அந்நொடியில்தான் நஷ்டம் வஞ்சகமாக மாறுகின்றது. இதனை உணர்தற்குச் சட்டம் கற்க வேண்டுவதில்லை, மனச்சான்று போதும்.

அவ்வீழ்ச்சியால் விளைந்த நன்மையும் ஒன்று உண்டு. பணம் இழந்தோர் பக்கம் நின்று வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம் நாட்டார் பணத்தை நம் நாட்டாரே காக்கும் பாங்கு ஒன்று வேண்டும் என முயன்றார். நகரத்தார் செல்வர்கள் துணை நின்றனர். 1907 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியன் பாங்கு தொழில் தொடங்கியது. அஃது இன்றும் நிலைத்து நடக்கின்றது.

எனினும் துன்பம் அதனோடு ஒழியவில்லை. 1938இல் திருவிதாங்கூர் நாஷனல் குயிலன் பாங்கும், 1960இல் பாலை சென்ட்ரல் பாங்கும் கதவடைத்தன. ஒவ்வொரு வீழ்ச்சியும் ஒரு பாடம் புகட்டியது. 1949இல் பாங்குகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1962 முதல் பாங்கில் இட்ட வைப்புத் தொகைக்கு இன்ஷ்யூரன்ஸ் ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒருவர்க்கு 1,500 ரூபாயே வரம்பு. 2020 முதல் அது 5 லட்சம். ஆனால் உறவினர் கடையில் நம்பிக்கையின்பேரில் கொடுத்துவைக்கும் பணத்திற்கு இக்காப்பு ஏதும் இல்லை.

இதனை நான் ஏட்டளவில் மட்டும் அறிந்திலேன். சில ஆண்டுகளுக்கு முன் அரூரில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தாய், கணவன் இறந்தபின் வந்த தொகை முழுவதையும் நம்மவர் ஒருவரின் கடையில் வட்டிக்குக் கொடுத்திருந்தார். புளிப் பருவத்தில் கொள்முதலுக்குப் பணம் வேண்டும் என்று கேட்டனர், கொடுத்தார். எழுத்து ஏதும் வாங்கவில்லை. “நம்மவர்தாமே ஐயா” என்றார் என்னிடம். மறு ஆண்டு கடை நொடித்தது, வீடு நொடிக்கவில்லை. அவ்வீடு அதற்குள் மனைவியின் பெயருக்கு மாறியிருந்தது. மாணவன் பத்தாம் வகுப்போடு நின்று, மண்டியில் மூட்டை தைக்கச் சென்றான். அவன் நன்றாகப் படித்தவன்.

“கடை வேறு, வீடு வேறு” என்று நம்மிற் சிலர் கூறுவர். பொறுப்பு வரையறுத்த கம்பெனியாயின் அது பொருந்தும். தனி ஒருவரின் கடைக்கும் கூட்டுக் கடைக்கும் பொருந்தாது. 1932ஆம் ஆண்டுக் கூட்டு வியாபாரச் சட்டத்தின்படி, கடையின் கடனுக்குக் கூட்டாளி ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொத்தாலும் பொறுப்பாவர். மனைவியின் சீதனம் அவளுக்கே உரியது; கணவன் கடனுக்கு அதனைத் தொடலாகாது. இது நெறி. ஆனால் கடன்காரரை ஏய்க்கும் நோக்கத்தோடு கணவன் தன் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றுவானாயின், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் அதனைச் செல்லாததாக்க இடம் தருகின்றது. சீதனம் பெண்ணுக்குக் காவலாக அமைந்தது. அதனை ஆடவரின் வஞ்சகத்திற்குத் திரையாக்குவது அப்பெண்ணுக்கும் இழுக்கு.

முற்காலத்தில் தந்தை பட்ட நற்கடனை மகன் தீர்ப்பது சமய தருமம் எனச் சட்டமே கட்டாயப்படுத்தியது. 2005இல் அக்கட்டாயம் நீங்கியது. கட்டாயம் நீங்கிய பின்னரும் தந்தையின் சொல்லைக் காக்கும் மக்கள் நம்மிடை உளர். ஊரார் அவர்களைக் கண்டு எழுந்து நிற்கின்றனர்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பணம் கொடுப்போர், உறவாயினும் எழுத்துப் பெறுக. கணக்குக் கேட்பதை அவமதிப்பு என நினையற்க. பணம் கொள்வோர், கேளாமுன்னரே கணக்குக் காட்டுக. இயலாத நாள் வரின், அன்றே வாய் திறந்து கூறுக. மூன்றாவது நம் சங்கத்திற்கே உரியது. கல்வி நிதியின் வரவு செலவை ஆண்டுதோறும் இப்பத்திரிகையிலேயே அச்சிட வேண்டும். அந்நிதியும் பிறர் பொருளே. நம் பிள்ளைகளின் பொருள். அதிலிருந்து முதல் உதவி யாருக்கு எனக் கேட்பின், மண்டியில் மூட்டை தைக்கும் அப்பிள்ளையை நான் சுட்டுவேன்.