மான் முடித் தவளையும் வீட்டு மான்தோலும்

யாங்கோனைச் சுற்றியுள்ள வயல் வாய்க்கால்களில் விரால் பிடிக்க, உயிருள்ள தவளைக் குஞ்சைத் தூண்டிலில் கோத்துப் போடுவது பழைய வழக்கம். மான் முடியால் கட்டிய பொய்த் தவளையும் அதே வேலையைச் செய்யும். வட அமெரிக்காவில் இது பழைய கைவேலை. புளோரிடாப் பக்கம் மூன்று கொக்கிகளை மானின் வெள்ளை வால் முடியால் சுற்றி மீன் பிடித்ததை வில்லியம் பார்ட்ரம் 1791இல் வெளியான தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். இன்று கனடா ஏரிகளில் பாஸ் மீனுக்கு எங்கள் பிள்ளைகள் போடும் முடித்தவளையும் இந்த வகைதான்.

மான் முடி குழாய் போல உள்ளே வெறுமை என்பார்கள். உண்மையில் தேனடை போன்ற நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருக்கிறது, அதனால்தான் மிதக்கிறது. நூலை இறுக்கும்போது அறைகள் நசுங்கி, முடி குச்சம் போல விரிந்து நிற்கும். உடம்பு முடிக்கே இந்தக் குணம். வால் முடி அவ்வளவாக விரியாது. தவளையின் காலுக்கு அது ஆகும்.

பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைத் தோலோடு ஒட்ட வெட்டி, அடியிலுள்ள பஞ்சு முடியைச் சீவி எடுக்க வேண்டும். பேன் சீப்பே போதும். இதைச் சோம்பல்பட்டு விட்டால் முடி சுழலாது. கொக்கித் தண்டில் வைத்து இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றி, மெல்ல இறுக்கினால் முடி தண்டைச் சுற்றி ஓடும். பின்னுக்குத் தள்ளி நெருக்கி, அடுத்த கற்றை. தையல் நூல் அறுந்துவிடும். இதற்கென விற்கும் வலுவான நூலே வேண்டும். முடிவில் சவர பிளேடால் செதுக்கும்போது வயிற்றுப்புறத்தைத் தட்டையாக வழிக்காவிட்டால் கொக்கி மீனின் வாயில் ஏறாது.

சிலர் கேட்கிறார்கள்: பூசைக்கு வைத்திருந்த மான்தோலில் கொஞ்சம் வெட்டினால் என்ன? பதனிட்ட பழந்தோலின் முடி நொறுங்கும். தவிர, குளிர்நாட்டு மானின் குளிர்கால முடிதான் நன்றாக விரியும். பெரிய சங்கடம் வேறு. பர்மாவிலிருந்து வந்த தோல் தமின் மானுடையதாக இருக்கலாம். மணிப்பூர் சங்காய்க்கு உறவான அந்த மான், சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிபோகும், வழக்கும் வரலாம். பாட்டனார் காலத்துப் பொருள் என்று வாயால் சொன்னால் எடுபடாது. அதற்கும் சான்றிதழ் வேண்டும்.

கனடாவில் வேட்டையில் கிடைக்கும் வெள்ளைவால் மானின் தோல் துண்டுகளைத் தூண்டில் கடைகளிலேயே விற்கிறார்கள். சாயம் ஏற்றியதில் பச்சை, மஞ்சள், கறுப்பு மூன்றும் இருந்தால் தவளைக்குப் போதும்.