திண்ணையில் தின்பவர் யார்?

தங்கவயல் மைசூர் மைன்ஸ் நண்பர் ஒருவர் விழா மலர் ஒன்றை அனுப்பியிருந்தார். வழிப்போக்கர் உட்கார்ந்து தின்னும் இடம், ஆகவே திண்ணை என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தின் என்னும் சொல்லின் றன்னகரம் டண்ணகரம் ஆனது எவ்வாறு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை.

திண் என்பதே வேர். உறுதியும் மேடும் அதன் பொருள். திண்மை, திட்பம், திண்டு, திட்டு, திட்டை, திடர், திடல் எல்லாம் ஒரு குடும்பம். வினைத்திட்பத்துக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். கன்னடத்தில் திண்ணெ என்றால் மேட்டுநிலம். தெலுங்கில் தின்னெ வீட்டுத் திண்ணையையும் குறிக்கும், மணல்மேட்டையும் குறிக்கும். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சக்கை மணல் மலைபோல் நிற்கிறதே, அந்தச் சைனைடு மேட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திண்ணை தெலுங்கிலிருந்து கடன் வந்தது என்பாரும் உண்டு. தெலுங்கில் ண்ண தேய்ந்து ன்ன ஆயிற்று. தேய்ந்த வடிவிலிருந்து தேயாத வடிவம் பிறக்காது. வெள்ளைக்கார அதிகாரிகள் திண்ணையைப் 'பியால்' என்றார்கள். அது போர்த்துக்கீசியச் சரக்கு, நமக்கு வேண்டாம்.

திண்ணையில் யார் உட்காரலாம் என்பதே அடுத்த கேள்வி. பட்டினப்பாலையில் பொதியில் என்னும் பொது மன்றத்தில் தங்குவோர் வம்பலர், அதாவது ஊருக்குப் புதியவர். திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிய ஆழ்வார் மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இடத்தைத்தான் கணக்கிட்டார்கள். (அந்த இடைகழிதான் இன்றைய ரேழி.) வம்பு என்பதற்கு நிலையின்மை என்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். புதியவனின் நிலையாமையைக் குறித்த சொல் இன்று சண்டைக்கும் ஊர்ப்பேச்சுக்கும் ஆகிவிட்டது. சட்டமும் அதே வழியில்தான் போயிற்று. சட்டத்தில் வரும் ஆங்கில 'லாய்ட்டர்' (loiter) டச்சு மொழி வழியாக வந்தது. ஆட்டங்கண்டு தளர்தல் அதன் பழம்பொருள். நம் வம்பேதான்! அதைச் 'சுற்றித் திரிதல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவன் எங்கே திரிந்தான்?

1898ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, பிழைப்புக்கு வெளிப்படையான வழி இல்லாதவரையும் தம்மைப் பற்றித் திருப்தியாகக் கணக்குச் சொல்லாதவரையும் பிணை கேட்டு நிறுத்தியது. 1973இல் வந்த புதிய சட்டம் அந்த வாசகத்தை விட்டுவிட்டது. கர்நாடகக் காவல் சட்டமோ (1963) பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை சந்தேகத்துக்கிடமான சில சூழல்களில் காணப்படுவதைக் குற்றம் என்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பகலும் இரவும் ஒன்றான சுரங்கத்திலிருந்து ராத்திரி ஷிப்ட் முடித்து ஏறி வந்தவனுக்கு இது எந்தப் பொழுதுக் கணக்கு?

சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக் காலத்தில் வடாற்காட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பேச்சில் உட்கார் கிடையாது, 'குந்து'தான். பக்கத்து வீட்டுக் கன்னடர் பேச்சிலும் குந்து கேட்கிறது. குந்துமணியை இதோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அது குன்றிமணியின் திரிபு, குந்துதலுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் தங்கவயலின் சட்டம் இரண்டையும் உறவாக்கிவிட்டது. பொன் கலந்த பொருள் கையில் இருந்தால், அது வந்த வழியை வைத்திருந்தவனே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. குந்தினவன் மடியில் குந்துமணித் தங்கம் இருக்குமோ என்பதே காவலின் கவலையாக இருந்தது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது, 'நீ யார்' என்ற கேள்விக்கு எதிராகத்தான் என்று நான் படிக்கிறேன்.

அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் வேரூன்றிய ஊர் இது. சொல்லை உடைத்துப் பார்ப்பது இங்கே புதிதல்ல. ஆனால் உடைக்கிறவருக்கு ணகர னகரம் தெரிந்திருக்க வேண்டும். நிலையில்லாத வம்பலனுக்கு ஊர் கொடுத்த திண்ணென்ற இருக்கை திண்ணை என்பது என் வாசிப்பு. பழைய உரையோ கல்வெட்டோ இதைச் சொல்லக் காணோம் என்பார்கள். அதனால் என்ன? திண்ணை திண்ணில் பிறந்தது, தின்றதில் அல்ல.