கண்காட்சி முடிந்த பின்



கதை, கவிதை, நாடகம் என்று பேசிவரும் இந்த நிகழ்ச்சியில் இன்று ஓவியத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். இலக்கிய நிகழ்ச்சியில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். எழுத்தாளன் ஒருவன் மறைந்தாலும் அவனுடைய நூல் எங்கேனும் ஓர் அலுமாரியில் கிடக்கும். ஓவியன் வரைந்த படமோ உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது போனால் போனதுதான். ஆகவே ஓவியத்தின் வரலாறு என்பது, எது காப்பாற்றப்பட்டது, எது காப்பாற்றப்படவில்லை என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதே.

கிருலப்பனையில் நான் குடியிருந்த ஒழுங்கையில், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு அறை கொண்ட பகுதியொன்றில் வாடகைக்கு இருந்தது. சுவரிலே சுவாமிப் படம் ஒன்று, கலண்டர் ஒன்று. அவற்றுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பெரிய இரும்புத் திறப்புத் தொங்கும். "இது எந்தக் கதவின் திறப்பு, அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "எங்கட வீட்டு முன்கதவின்ர, தம்பி. கதவு இப்ப இல்லை" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் திறப்பை இப்போதைக்கு ஆணியிலேயே விட்டுவைப்போம். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

கிருலப்பனைச் சந்தியில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, நூதனசாலைப் பக்கமாக இறங்கி நடந்தால் முன்பு கில்ட்ஃபோர்ட் கிரெசன்ற் எனப்பட்ட வீதி வரும். லயனல் வென்ற் அரங்கம் அங்கேதான் உள்ளது. நாடகம் பார்க்கப் போனவர்களுக்கு அதைத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் முன்பு ஒரு வீடு இருந்தது என்பதும், 1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி அந்த வீட்டில் கூடிய சிலர் இலங்கை ஓவியத்தின் போக்கையே மாற்றினார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

அது யுத்த காலம். முதல் வருடம் ஏப்ரல் 5ஆம் திகதிதான் கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. அத்தகைய சூழலில், புகைப்படக் கலைஞரும் பியானோக் கலைஞருமான லயனல் வென்ற் தமது வீட்டுக்கு ஓவிய நண்பர்களை அழைத்தார். இதற்கு முன்நின்று தூண்டியவர் இளைஞரான ஐவன் பீரிஸ். அக்காலத்தில் ஓவியக் கண்காட்சி என்றால் இலங்கைக் கலைச் சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சிதான். அங்கே கண்ணால் கண்டதைக் கண்டபடி வரையும் விக்டோரியா காலத்து முறைக்கே மதிப்பு. புதுமுறையில் வரைந்தவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. எனவே அவர்கள் தாங்களே ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அதுவே '43 குழு. அதே ஆண்டு நவம்பரில் அதன் முதலாவது கண்காட்சி நடைபெற்றது.

குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ஓப்ரி கொலெட், ரிச்சர்ட் கேப்ரியல், ஜெஃப்ரி பீலிங். விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிசெய்து வந்த பௌத்த துறவியான மஞ்சுஸ்ரீயும் இருந்தார். சிங்களவர், பறங்கியர், துறவி, கேலிச்சித்திரக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களுடன் ஒரு தமிழர்: எஸ். ஆர். கனகசபை.

கனகசபை யாழ்ப்பாணத்தவர், சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றியவர். கொழும்பில் குழு தோன்றுவதற்கு ஐந்து வருடம் முன்னதாகவே, 1938இல், யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை ஆரம்பித்தவர். வின்சர் என்பது 1920களில் இலங்கைக் கல்வித் திணைக்களத்தில் பிரதம சித்திர வித்தியாதரிசியாக இருந்த ஆங்கிலேயரின் பெயர். பார்த்ததைப் பிரதிசெய்யாமல் சொந்தமாக வரையப் பிள்ளைகளைத் தூண்டவேண்டும் என்ற எண்ணம் இங்கே வேரூன்ற வழிவகுத்தவர் அவர். ஆக, நவீன ஓவியம் என்பது கொழும்பு ஏழில் பிறந்து பின்னர் வடக்குக்குப் போன சரக்கல்ல. கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இரண்டு இடங்களிலும் அது முளைத்தது என்பதே பொருந்தும்.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. '43 குழுவைப் பற்றி இன்று நூல்கள் இருக்கின்றன, ஓவியங்கள் இருக்கின்றன, கீற்றின் படங்கள் பெரும் விலைக்குப் போகின்றன. கனகசபையின் பெயரை மட்டும் ஓவிய ஆசிரியர்களும் ஆய்வாளர்களுமே அறிந்திருக்கிறார்களே, ஏன்?

திறமையின் ஏற்றத்தாழ்வு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். லயனல் வென்ற்றையே எடுத்துக்கொள்வோம். முதற் கண்காட்சி முடிந்து ஒரு வருடமளவில், 1944 டிசம்பரில், தமது 44ஆவது வயதில் அவர் காலமானார். அவருடைய புகைப்பட நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் அவர் அச்சிட்டு வைத்த படங்கள் எஞ்சின. நண்பர்கள் அவற்றைத் திரட்டி 1950இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அவரது பெயரில் அரங்கமும் எழுந்தது. ஹரி பீரிஸோ குழுவின் செயலாளராக இருந்து அதனைக் கொண்டு நடத்தினார். 1952இல் லண்டனிலும், அடுத்த வருடம் பாரிஸிலும் குழுவின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இறுதியில் பார்ன்ஸ் பிளேசில் இருந்த தமது வீட்டையும் ஓவியச் சேகரிப்பையும் சபுமல் நிறுவனம் என்ற பெயரில் பொதுமக்களுக்காக ஒப்படைத்தார். 1988இல் அவர் மறைந்த பின்னரும் அந்தப் படங்கள் அங்கேயே இருக்கின்றன.

வரைந்தவர்களுக்கு அருகில் வைத்துக் காப்பவர் ஒருவர் இருந்தார் என்பதே இதன் சாரம். வீடு இருந்தது, வீட்டுக்கு ஆபத்து வரவில்லை. யாழ்ப்பாணத்து ஓவியருக்கு இந்த இரண்டும் வாய்க்கவில்லை.

இதற்கு ஓவியர் அ. மாற்கு நல்ல உதாரணம். குருநகரில் 1933இல் பிறந்த மாற்கு, கொழும்பில் ஹேவூட் என்று அழைக்கப்பட்ட அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்றவர். யாழ்ப்பாணம் திரும்பி, பாடசாலையில் சித்திரம் கற்பித்ததோடு, விடுமுறைக்கால ஓவியர் கழகம் மூலம் இளைஞர்களையும் யுவதிகளையும் ஓவியத்துக்கு இழுத்தார். அவரிடம் பயின்றவர்கள் கூட்டாகக் கண்காட்சிகள் வைத்தார்கள். அவரைக் கௌரவித்து 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலரும் வெளிவந்தது. பின்னர் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தது. தலையில் மூட்டையும் கையில் குழந்தையுமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனம் ஓவியத்தையா தூக்கிக்கொண்டு போகும்? மாற்குவின் பல படைப்புகள் அந்த இடப்பெயர்வில் அழிந்தன. 2000ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார். வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி போனபின், அவருடைய உலகத்துக்குள் நுழைய நமக்கு அந்த மலரே முக்கியமான வழியாக நிற்கிறது. படம் போய்ப் படத்தைப் பற்றிய எழுத்து மிஞ்சியது!

மாற்கு பயின்ற அந்த ஹேவூட் கல்லூரியே பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 2005இல் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமாயிற்று. ஹோர்ட்டன் பிளேசில் அதன் ஜே. டி. ஏ. பெரேரா கலைக்கூடம் இருக்கிறது. பிரபல ஓவியராகவும் அக்கல்லூரியின் தலைவராகவும் விளங்கியவரின் பெயர் அது. இன்றைய ஓவியர் பலர் குழுவாகச் சேர்ந்து கண்காட்சி வைக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. லயனல் வென்ற்றின் வீடு இருந்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஒரு தனிமனிதரின் வீட்டு விறாந்தையில் தொடங்கிய காரியம் ஒரு பல்கலைக்கழகத்தின் மண்டபத்துக்கு வந்து சேர இவ்வளவு காலம் பிடித்தது.

பல்கலைக்கழகத்துக்கும் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம்? வியாபாரக் கலைக்கூடம் விற்கக்கூடியதை வைக்கும். பல்கலைக்கழகம் விற்பனையாகாததையும் வைக்கலாம். அதைப் பற்றி எழுதவும், எழுதியதைப் பாதுகாக்கவும் அதற்குக் கடமை உண்டு. இந்தக் கடமையின் பெறுமதியை எனக்கு உணர்த்தியது, நமது நாட்டிலிருந்து வெகு தொலைவில் நடந்த ஒரு குழுக் கண்காட்சி.

அதற்கு முன் யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போய்வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் புதுடில்லியில் ஓவியம் பயின்று ஊர் திரும்பியவர். யுத்தநிறுத்தம் நிலவிய 2004ஆம் ஆண்டில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தெற்கையும் வடக்கையும் சேர்ந்த கலைஞர்கள் 'அகம் புறம்' என்ற கண்காட்சியை நடத்தினார்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்ட அதே நூலகம்! சனாதனன் அங்கே ஓவியம் எதையும் மாட்டவில்லை. யாழ்ப்பாணத்து மக்களிடம் போய், யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கடந்து அவர்களிடம் எஞ்சியிருந்த பொருட்களைக் கேட்டு வாங்கினார். அவற்றையே வரிசையாக அடுக்கினார். அந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால், 'வரலாறுகளின் வரலாறு'. நூல் எரிந்த இடத்தில் மக்களின் சாமான்கள் நூலாக நின்றன.

ஆறு வருடம் கழித்து, 2010இல், கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் நூதனசாலை ஒரு குழுக் கண்காட்சியை நடத்தியது. 'எல்லைப் பிரதேசங்கள்' என்பது அதன் பெயரின் பொருள். அந்த மண்ணின் பூர்வீகக் குடியைச் சேர்ந்த மரியான் நிக்கல்சன், சீனாவிலிருந்து சென்று குடியேறிய கூ சியொங் எனப் பல திசைக் கலைஞர்கள் அதில் இடம்பெற்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சனாதனனும் இடம்பெற்றார். அங்கே வாழும் இலங்கைத் தமிழரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வீடு என்றதும் உங்கள் மனதில் வருவதைக் காட்டும் ஒரு பொருளைத் தாருங்கள்.

இதை வாசித்தபோது கிருலப்பனை ஒழுங்கையில் ஆணியில் தொங்கிய அந்தத் திறப்பு என் நினைவுக்கு வந்தது. கதவில்லாத திறப்பை உலகச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும்வரை அது ஒரு குடும்பத்தின் துக்கம். அதைப்போன்ற பலவற்றோடு சேர்த்துப் பொதுவிடத்தில் வைத்தால் அது சாட்சியமாகிறது. குழுக் கண்காட்சியின் சூட்சுமம் இதுதான் என்று நினைக்கிறேன். 1943இல் ஒவ்வோர் ஓவியரும் தனித்தனியே புறக்கணிக்கப்பட்டபோது அது ரசனைக் கோளாறு என்று தோன்றியிருக்கும். அவர்கள் சேர்ந்து நின்றபோதுதான் அது ஒரு காலத்தின் குரல் என்று தெரிந்தது.

அதே 2010ஆம் ஆண்டு ஓகஸ்டில், 492 இலங்கைத் தமிழரை ஏற்றிய சன் சீ என்ற கப்பல் அதே பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தது. பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். வந்தவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஒரே மாகாணத்தில், ஒரே ஆண்டில், நமது மக்களின் பொருட்களுக்கு நூதனசாலையில் மதிப்பான இடமும், நமது மக்களுக்குத் தடுப்பு முகாமும் கிடைத்தன. கலை உலகத்தைத் திருத்திவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் முகாமில் வெறும் எண்ணிக்கையாகப் போனவர்களின் கதையைத் திறப்பாகவும் துணியாகவும் கடிதமாகவும் எடுத்துச் சொல்ல ஓர் இடம் இருந்தது என்பதும் சிறிய விடயமல்ல.

அடுத்த வருடம், 2011இல், சனாதனன் 'முழுமை பெறாத தோம்பு' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பது நேயர்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். எது சமையலறை, எங்கே கிணறு, எங்கே மாமரம் என்று அவர்களின் கை காட்டியது. அதைக் கட்டடக் கலைஞர் ஒருவரின் முறையில் மீண்டும் வரைவித்து, அதன்மேல் தமது ஓவியத்தையும் சேர்த்தார் சனாதனன். இது எரியக்கூடிய ஒற்றைப் படமல்ல. பல பிரதிகள் கொண்ட நூல். மாற்குவுக்கு நேர்ந்ததற்கு அடுத்த தலைமுறை சொன்ன பதில் என்று இதை நான் கொள்கிறேன்.

நேயர்களே, கண்காட்சி என்பது சில நாட்கள்தான். விளக்கு அணைகிறது, படங்கள் சுவரைவிட்டு இறங்குகின்றன. அதன்பின் மிஞ்சுவது அழைப்பிதழ், கையேடு, பத்திரிகையில் வந்த நாலு வரி, பார்த்தவர் எழுதிவைத்த குறிப்பு. கனகசபையும் அவரது கழகத்தவரும் வைத்த கண்காட்சிகளின் கையேடு ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். மாற்குவிடம் படித்த யாரோ ஒருவரின் சிறு வரைபடம் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கட்டிலின் கீழ் சுருண்டிருக்கலாம். பழைய கடதாசி என்று தேங்காய்த் தும்போடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். பின்பக்கத்தில் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள்.

ஹரி பீரிஸ் செய்த காரியமும் ஏறத்தாழ இதுதான். அவருக்கு ஒரு பெரிய வீடு இருந்தது. நமக்கு ஓர் ஆணியும் திறப்புமாவது இருக்கிறது.