பெட்டியடியில் தொடங்கிய அரிசி வாழ்க்கை

எங்கள் ஐயா தேவகோட்டையிலிருந்து போய்ப் பர்மாவுக்குக் கப்பலேறியபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையன் வேலை. கூட்டிப் பெருக்க வேண்டும், சிட்டை எழுத வேண்டும், கடன் தண்டலுக்கு நடக்க வேண்டும். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர். அடுத்த பயணத்தில் அடுத்தாள், அதற்கப்புறம் கடையை நடத்தும் ஏஜெண்டு. அன்றைய அரிசித் தொழிலுக்குக் கடன் கொடுத்த செட்டியார்களான நம்மவர்க்கு ஏணி அதுதான்.

அந்தத் தொழில் வளர்ந்த கதை பழையது. 1852இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்க, ஐரோப்பியச் சந்தை கிட்ட வந்தது. ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்புக் காடுகள் வயலாயின. அவற்றைத் திருத்திய பர்மிய விவசாயி மாடு வாங்கியதும் நடவுக்கூலி கொடுத்ததும் செட்டியார் கடனில்தான். ஆலையிலும் ஏற்றுமதியிலும் ஐரோப்பியக் கம்பெனிகளே ஓங்கி நின்றன. 1930களில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி வெளியே போனது.

அதே காலத்தில் நெல்விலை சரிந்தது. கடனுக்குப் பதில் விவசாயியின் நிலம் செட்டியார் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதமானது. ஐயா இதைப் பெருமையாகச் சொன்னதே இல்லை. "நமக்கு வேண்டியது காசு, அவனுக்கு வேண்டியது நிலம். ரெண்டு பேருக்கும் கிடைக்கலப்பா" என்பார். நிலத்தை இழந்தவனின் வலிதான் பெரிது என்பேன் நான்.

1942இல் பர்மாவுக்குள் ஜப்பானியர் வர, ஐயா அரக்கான் வழியே நடந்து வந்தார். கையில் ஒரு பேரேடு. 1948இல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் போட்டது. பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் வரவு எழுதப்படவே இல்லை.