சிறு படகு மீனவர்களின் கடல் தொடர்பு

சிறு படகு மீனவர்களின் கடல் தொடர்பு என்பது கட்டுமரம், வள்ளம், கண்ணாடியிழைப் படகு, சிறிய விசைப்படகு ஆகியவற்றில் தொழிலுக்குச் செல்வோர் கரையுடனும் பிற படகுகளுடனும் செய்தி பரிமாறிக்கொள்ளும் கருவிகளையும் ஏற்பாடுகளையும் குறிக்கும். கரையின் எச்சரிக்கை படகை அடைவதும், படகின் அபாய அழைப்பு கரையை அடைவதும் இதன் இரு பகுதிகளாகும். இந்தியாவின் தென்கோடிக் கரையில் 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலுக்குப் பின்னர் இது பெரிதும் விவாதிக்கப்பட்டது.

வானொலிக் கருவிகள்

கைப்பேசி அலை கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் வரையே எட்டும். அதற்கு அப்பால் பயன்படுவது மீனவர்கள் "வயர்லெஸ்" என்றழைக்கும் மிகு உயர் அதிர்வெண் கருவி. இதன் 16ஆம் அலைவரிசை (156.8 மெகாஹெர்ட்ஸ்) உலகெங்கும் அபாய அழைப்புக்கு உரியது. இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் புவியின் வளைவு அவற்றைத் தடுக்கிறது. நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் அலைவாங்கி கொண்ட இரு படகுகள் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே பேச இயலும். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருப்பின் அதனுடன் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வரை பேசலாம். கருவியின் ஆற்றலைக் கூட்டுவதால் இவ்வெல்லை அதிகம் விரிவதில்லை. எனவே தொலைவிலுள்ள படகுக்கு இடைப்பட்ட படகுகளே செய்தியைக் கைமாற்ற வேண்டியுள்ளது.

ஒக்கிப் புயல்

2017 நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் தோன்றிய தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக வலுப்பெற்றது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் பல நாட்கள் தங்கிச் சுறா, சூரை பிடிப்பவர்கள். கரையில் எச்சரிக்கை வெளியானபோது அவர்கள் ஏற்கெனவே வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். சில படகுகள் இலட்சத்தீவு, மகாராட்டிரம், குசராத்து வரை சென்று கரை சேர்ந்தன.

செயற்கைக்கோள் வழித் தொடர்பு

இசுரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. இது படகின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் செயற்கைக்கோள் வழியே அனுப்ப, செய்தி கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைச் சேரும். ஆனால் அழைப்பு கிடைத்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லாதிருந்தது. மூழ்கும் படகில் இது சிறு குறையன்று. 2019இல் வெளியான ஜெமினி கருவியின் குறை இதற்கு நேர்மாறானது. அது புயல் எச்சரிக்கையைப் பெற்று ஊடலை வழியே கைப்பேசியில் காட்டும். ஆனால் அதனால் உதவி கோர இயலாது. 2024 சனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை அபாயக் கருவியே அழைப்புக்கு ஒப்புகை திருப்பியனுப்பும் வசதியைப் பெற்றது. அதே ஆண்டு ஆகத்தில் 1 இலட்சம் மீன்பிடிக் கலங்களில் இருவழிக் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் தொலைபேசியை இந்தியாவில் உரிய அனுமதியின்றி வைத்திருக்க இயலாது.

நடைமுறைச் சிக்கல்கள்

திறந்த வள்ளத்தில் கூரையில்லை. கருவியை மின்னேற்றவும் பெரும்பாலும் வழியில்லை. கைப்பேசியே நெகிழிப் பையில் சுற்றப்பட்டுச் செல்கிறது. எனவே உப்புநீர் புகாத உறையும் நெடுநேரம் நீடிக்கும் மின்கலமும் இன்றியமையாதவை. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 ஆகும். இதனைக் கைப்பேசி அலை எட்டும் எல்லைக்குள் மட்டுமே அழைக்கலாம்.