ஏரி நாட்டில் இரட்டைக்குழல்

காஞ்சிபுரம் என்றதும் கோபுரமும் தறியும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரைச் சூழ்ந்த நாடு ஏரி நாடு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடைமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியதும் உள்ளானும் கிளுவையும் வந்து இறங்கும். கும்பினியார் காலத்தில் அவற்றின் பின்னே துப்பாக்கியும் வந்தது. தம் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறாத வேடந்தாங்கல் ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் துரை 1798-இல் அதைத் தடுத்துக் கவுல் எழுதித் தந்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கதையில் வரும் துரையும் இவரே. பறவைகளின் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். அவற்றை நோக்கி நீண்ட துப்பாக்கியின் கதையை இன்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அக்கதையின் கடைப்பகுதி இன்னும் சில வீடுகளின் பெட்டகத்தில் இருக்கின்றது.

பிளேஸ் துரை காலத்துத் துப்பாக்கி, வாய்வழியே கருமருந்தையும் ஈய ரவையையும் இட்டுக் கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தது. எவ்வளவு மருந்து என்பதைச் சுடுபவன் கையே தீர்மானித்தது. பாரிசு நகரத்து லெஃபோஷே என்பவர் நடுவில் மடித்துத் திறக்கும் துப்பாக்கியைச் செய்தார். 1851-இல் இலண்டன் மாநகரில் நடந்த பெருங்கண்காட்சியில் அதைக் கண்ட ஆங்கிலக் கொல்லர் அவ்வழியைப் பின்பற்றினர். மருந்தும் ரவையும் ஒரே காகிதக் கூட்டில் அடங்கித் தோட்டா ஆயின. அத்தோட்டாவைத் தாங்கக் குழலின் அடியில் சற்று அகன்ற ஓர் அறை குடையப்பட்டது. நம் கதை முழுதும் அந்த அறையைப் பற்றியதே.

பன்னிரண்டு போர் என்னும் பெயருக்குப் பொருள் எளிது. ஒரு இராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்று பொருந்தக்கூடிய குழல் அகலம் அது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஓர் கம்பெனியும் ஓக்ஸ் கம்பெனியும் இத்தகைய துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றன. ஜமீன்தாரும் மிராசுதாரும் வாங்கினர்.

இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் சோதனைச் சாலையில் மிகையான மருந்திட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்துவர். இலண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637-இல் பட்டயம் கிடைத்தது. பர்மிங்காமில் 1813-இல் சோதனைச் சாலை நிறுவப்பட்டது. முதலில் சோதித்ததெல்லாம் கருமருந்துக்கே. பின்னர்ப் புகையில்லா மருந்து வந்தது. 3 டிராம், அதாவது 82 கிரெயின், கருமருந்து பிடிக்கும் அளவுக் குவளையில், ஷுல்ட்சே போன்ற பழைய வகைப் புகையில்லா மருந்து 42 கிரெயினே பிடிக்கும். அது சரியான அளவே. ஆனால் அடர்ந்த புது மருந்தை அதே குவளையால் அளந்தவர்கள் குழலை வெடிக்கச் செய்தனர். 1896 முதல் புகையில்லா மருந்துக்கெனத் தனிச் சோதனை வந்தது. அம்முத்திரை இல்லாத பழங்குழலில் இன்று கடையில் வாங்கும் தோட்டாவை இடுதல் ஆகாது. இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த, நீர்வரி போன்ற கோலமுடைய டமாஸ்கஸ் குழல்கள் எல்லாமே கேடு என்பாரும் உளர், அது மிகை. அவற்றுள் பல இச்சோதனையில் தேறியுள்ளன. கோலத்தைப் பார்த்து முடிவு செய்யலாகாது. முத்திரையைப் பார்க்க வேண்டும், உட்புறத்தில் துருக்குழி உண்டா என்றும், சுவர் எவ்வளவு தேய்ந்துள்ளது என்றும் அளந்து பார்க்க வேண்டும்.

இனி அறையின் நீளம். அக்காலத்து ஆங்கில வேட்டைத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். பிற்காலத்தில் இரண்டே முக்கால் அங்குலமாகிய 70 மில்லிமீட்டர் பெருவழக்காயிற்று. இங்கேதான் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. தோட்டாவின் நீளம் வெடித்து வாய் விரிந்த பின் அளக்கப்படுவது. வாய் மடித்த நிலையில் 70 மில்லிமீட்டர்த் தோட்டா 65 மில்லிமீட்டர் அறையில் தங்குதடையின்றி நுழையும்; துப்பாக்கியும் மூடும். சுட்டவுடன் மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னே குழல் குறுகும் இடத்தை அடைக்கும். நெருக்கடியில் அழுத்தம் ஏறும். பல நாள் ஒன்றும் நேராதிருக்கலாம். பூட்டு மட்டும் தளரும். ஒருநாள் குழல் பிளந்தால், அதை ஏந்திய இடக்கையே முதலில் போகும்.

இதற்குப் பரிகாரமாக அறையைக் குடைந்து நீட்டிவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். அழுத்தம் மிகுந்த இடத்திலேயே எஃகைச் சுரண்டி மெலிவிப்பது அது. நீளம் பொருந்திவிடும், வலிமை பொருந்துமோ? இரண்டரை அங்குல அறைக்கு 1954-ஆம் ஆண்டு விதிப்படி பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 3 டன் என்றே முத்திரை காணப்படும். அறையைக் குடைந்ததனால் அந்த 3 டன் மிகுந்துவிடாது. அச்சை மாற்றினால் பாவையும் மாற்ற வேண்டும் என்பதைப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் எவரும் சொல்வர். இங்கிலாந்தில் குடைந்த குழலை மறு சோதனைக்கு அனுப்பாமல் விற்பது குற்றம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தொழிலாகத் துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமம் வேண்டும். கடைசல் பட்டறையில் நடக்கும் வேலையன்று இது.

ஆகவே தோட்டாவைத் துப்பாக்கிக்கு ஏற்பத் தேர்வதே நேர்வழி. புகையில்லா மருந்து முத்திரையும் இரண்டரை அங்குல அறையும் உடையதற்கு, 65 மில்லிமீட்டர் என்று குறித்த, 30 கிராமுக்கு மேற்படாத ஈய ரவையுள்ள தோட்டா. 1869-இல் தோன்றிய கட்கித் தோட்டாத் தொழிற்சாலையின் சரக்காயினும், வெளிநாட்டுச் சரக்காயினும் பெட்டியின் மேல் நீளத்தைப் படித்த பின்பே வாங்க வேண்டும். எஃகு ரவை பழங்குழலுக்கு ஆகாது. இருபது போர்த் தோட்டாவைப் பன்னிரண்டு போருடன் ஒரே பையில் கலந்து வைத்தலும் ஆகாது; சிறியது குழலுக்குள் வழுக்கிச் சென்று தங்கிவிட, அதன் பின்னே பெரியதை இட்டுச் சுட்டவர் உண்டு. இருபது போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தது இதனாலேயே.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் ஏரிக்கரையில் உள்ளான் வேட்டை இல்லை. பயிர்க் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் உரிமம் பெற்ற பாட்டனார் காலத்துத் துப்பாக்கிகள் மட்டும் சில இல்லங்களில் எஞ்சியிருக்கின்றன. தேர்தல் வரும்போது அவற்றைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க நேர்கிறது. வணிகரிடம் ஒப்படைப்போர், அறையில் அளவுகோலை இட்டு நீளம் பார்த்துச் சொல்லும்படி அவரைக் கேட்கலாம். சில நிமிட வேலைதான்.