சிகிச்சைச் சோதனைகள்: சென்னையும் அதன் மேற்குப் புறநகரும்

புதிய மருந்தையோ தடுப்பூசியையோ மனிதரிடத்தில் முறைப்படி பரீட்சித்து, அதன் குணத்தையும் தீங்கையும் ஒப்புநோக்கி அறியும் முயற்சி சிகிச்சைச் சோதனை எனப்படும். ஒரே நோயுடையவர்களை இரண்டு பிரிவாக்கி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போன்ற முறையால் தீர்மானிப்பது இதன் ஆதார விதி. 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஸ்ட்ரெப்டோமைசினை க்ஷயரோகிகளிடம் இவ்விதம் பரீட்சித்து வெளியிட்ட முடிவு உலகத்துக்கு முன்மாதிரியாயிற்று. எட்டே ஆண்டுகளில் அம்முறை சென்னைக்கும் வந்தது.

அது வேரூன்றிய இடங்கள் பெரும்பாலும் நகரின் மேற்கே அமைந்தவை. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அருகே சேத்துப்பட்டில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம். அதே சாலையில் மேற்கே சென்றால் திருவேற்காட்டை அடுத்த நூம்பல். வடக்கே அம்பத்தூர் அயப்பாக்கமும் ஆவடியும். நூம்பல் போன்ற கிராமங்களைக் கொண்டிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டமே பிற்காலத்தில் இரண்டு மாபெரும் தடுப்பூசிச் சோதனைகளுக்குக் களமாயிற்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி 1956-இல் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின; மேலே சொன்ன சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையம் இதுவே. அதற்கு முதலில் தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ். நல்ல காற்றும் பூரண ஓய்வும் புஷ்டியான ஆகாரமும் இன்றி க்ஷயம் தீராது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், சானடோரியங்களில் படுக்கைகளோ நோயாளிகளின் தொகைக்கு எவ்விதத்திலும் போதாதிருந்த நாட்டில், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன நேரும் என்ற கேள்வியை அந்நிலையம் துணிந்து எழுப்பியது. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர்; இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியாசிடும் பாஸ் என்னும் மருந்தும் கொடுக்கப்பட்டன; ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் தத்தம் வீட்டிலும் இருந்தனர்.

மருந்து வாங்கிச் சென்றவர் அதை உண்கிறாரா என்பதே வீட்டுச் சிகிச்சையின் பெருஞ்சிக்கல். ஆகையால் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய், மிஞ்சிய மருந்தை எண்ணிப் பார்த்தனர். சிறுநீரை வாங்கிவந்து அதில் மருந்தின் அடையாளம் உண்டா என்று சோதித்தனர். நோயாளியின் சளி, முட்டை கலந்து உறையவைத்த பச்சை நிற ஊடகத்தில் இடப்பட்டு, கிருமி முளைக்கிறதா என்று வாரக்கணக்கில் கவனிக்கப்பட்டது. 1959-இல் முடிவு வெளியாயிற்று: ஆண்டிறுதியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர், சானடோரியப் பிரிவில் 92 பேர். ஆகாரத்திலும் ஓய்விலும் இரு பிரிவினருக்கும் இருந்த பெரும் வித்தியாசத்தை நினைத்துப் பார்ப்பவருக்கே இவ்விரண்டு எண்களின் நெருக்கம் எத்தகையது என்பது விளங்கும். வீட்டிலிருந்தோரை ஐந்தாண்டுகள் கண்காணித்தபோதும், நோயாளி வீட்டில் தங்கியதனால் குடும்பத்தாருக்கு அதிக ஆபத்து நேரவில்லை என்பது உறுதியாயிற்று. குழந்தைகளைப் பிரிந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டிய விதியிலிருந்து எண்ணற்ற தாய்மாரை விடுவித்தது இச்சோதனைதான். தமிழ்நாட்டு மருத்துவ சரித்திரத்தில் இதற்கு நிகரான தொண்டு மிகச் சிலவே உண்டு. இந்நிலையம் 2011 முதல் தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரால் வழங்குகிறது.

அடுத்த பெருமுயற்சி க்ஷயரோகத் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் பற்றியது. 1968 முதல் 1971 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை மையமாகக் கொண்டு, சுமார் 3,60,000 மக்கள் வாழ்ந்த பரப்பில் இது நடந்தது. ஊசியின் இரண்டு வகைகளும் வெற்று ஊசியும் இரகசியக் குறியீட்டின் கீழ் இடப்பட்டன. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979-இல் வெளிவந்த முதல் அறிக்கை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை இவ்வூசி தடுக்கவில்லை என்று கூறிற்று. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பும் அதையே உறுதிப்படுத்தியது. எதிர்பார்த்ததற்கு நேர் விரோதமான இந்த விடையை மறைக்காமலும் மழுப்பாமலும் வெளியிட்ட நேர்மை, வெற்றி பெற்ற சோதனைகள் பலவற்றினும் போற்றத்தக்கது. (கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை க்ஷயத்தை பி.சி.ஜி. தடுக்கிறது, ஆதலால் பிறந்த குழந்தைகளுக்கு அதை இடும் வழக்கம் சரியே.)

தொழுநோய்க்குத் தடுப்பூசி காணும் முயற்சியில் ஆவடிக்குத் தனி இடமுண்டு. ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் ஆவடிக் களப்பிரிவு, எம். டி. குப்தேயின் தலைமையில், 1991-இல் தொடங்கி 1,71,400 பேருக்கு ஊசியிட்டது. பி.சி.ஜி. தனியாக ஒன்று, அதனோடு ஆர்மடில்லோ என்னும் விலங்கிலிருந்து எடுத்துக் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்தது ஒன்று, பம்பாயில் உருவான ஐ.சி.ஆர்.சி. ஊசி, தல்வார் கண்டறிந்த எம்.டபிள்யூ. ஊசி, இவற்றுக்கு எதிராக வெறும் உப்புநீர். பின்னர் இவர்களிடையே நோயைத் தேடுவது பெரும்பாடு: ஒவ்வொருவரையும் பகல் வெளிச்சத்தில் நிறுத்தித் தோலைப் பார்த்து, வெளுத்த தேமல் தென்பட்டால் அங்கே உணர்ச்சி குன்றியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். 1998-இல் வெளியான முடிவில், ஐ.சி.ஆர்.சி. ஊசிக்கு நூற்றுக்கு 65.5, கலப்பு ஊசிக்கு 64, பி.சி.ஜி.க்கு 34.1, எம்.டபிள்யூ.வுக்கு 25.7 எனக் காக்கும் ஆற்றல் கணக்கிடப்பட்டது. அதற்குள் கூட்டு மருந்துச் சிகிச்சை நோயின் பரவலை வெகுவாகக் குறைத்திருந்தது. 1999-இல் ஆவடிக் களப்பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆயின. அது இன்று அயப்பாக்கத்தில் இயங்குகிறது.

இலட்சக்கணக்கானோரைக் கொண்டு நடந்த இச்சோதனைகளின் வழி அபூர்வ நோய்களுக்குப் பொருந்தாது. குலுக்கிப் பிரிக்கும் அளவுக்கு அங்கே நோயாளிகளே இரார். இந்தியாவில் ஐந்து இலட்சத்துக்கு மேற்படாதவரைப் பீடிக்கும் நோய்க்கான மருந்தைத் தனி வகையாக வரையறுத்து, 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், சிகிச்சைச் சோதனைகள் விதிகள் அதற்குச் சலுகை அளித்தன. நோயாளியின் எழுத்து மூலமான சம்மதம், நெறிமுறைக் குழுவின் இசைவு, தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு ஆகியவற்றையும் அவ்விதிகள் கட்டாயமாக்கின. அபூர்வ நோய்ச் சோதனைக்கு ஓர் உதாரணம்: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் இரத்தம் உறையாத கடும் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவரவர் இரத்த மூல உயிரணுக்களையே எடுத்து, குறைபட்ட எட்டாம் உறைபொருளுக்கான மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்தினர். 2024 டிசம்பரில் வெளியான அறிக்கையின்படி, சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐவரிடமும் இரத்தக்கசிவு நிகழவில்லை. இத்தகைய சோதனையில் ஒப்பிடுவதற்கு வேறொரு கூட்டத்தார் தேவைப்படுவதில்லை: அடிக்கடி மூட்டுகளில் இரத்தம் கசிந்து வீங்கிய அந்த நோயாளியின் முந்தைய ஆண்டுகளே அவருடைய பிந்தைய ஆண்டுகளுக்கு ஒப்புநோக்காக அமைகின்றன.